டேப்லெட்டா, லேப்டாப்பா? உயர்நிலைப் பள்ளி மாணவருக்கு எது சரி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உயர்நிலைப் பள்ளியில் படிக்கும் பிள்ளைக்கு ஒரே ஒரு கருவிதான் வாங்க முடியும் என்றால், பெரும்பாலான வீடுகளுக்கு அது லேப்டாப்பாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் இந்தப் பதிலை மட்டும் எடுத்துக்கொண்டு கடைக்குக் கிளம்பிவிடக் கூடாது. ஒரு விஷயத்தில் டேப்லெட் லேப்டாப்பை நிஜமாகவே தோற்கடிக்கிறது. சில மாணவர்களுக்கு அந்த ஒரு விஷயம்தான் படிப்பில் பாதி. அப்புறம், விலை குறைவு என்று எடுத்த மோசமான லேப்டாப், நல்ல டேப்லெட்டைவிடப் பெரிய தலைவலி. ஆகவே பதிலைவிடக் காரணங்கள்தான் முக்கியம்.

2010 ஜனவரியில் ஸ்டீவ் ஜாப்ஸ் முதல் ஐபேடை அறிமுகப்படுத்தியபோது, போனுக்கும் லேப்டாப்புக்கும் நடுவில் மூன்றாவதாக ஒரு கருவிக்கு இடம் இருக்கிறதா என்று கேட்டார். அப்படி ஒன்று வந்தால் அது எந்தெந்த வேலைகளில் மற்ற இரண்டையும் மிஞ்ச வேண்டும் என்று ஒரு பட்டியலும் போட்டார்: இணையம் பார்ப்பது, மின்னஞ்சல், புகைப்படம், வீடியோ, பாட்டு, விளையாட்டு, மின்னூல். மின்னஞ்சலைத் தவிர்த்துப் பார்த்தால் மீதி எல்லாம் யாரோ செய்து வைத்ததைப் பார்க்கிற, கேட்கிற, படிக்கிற வேலைகள். கட்டுரை எழுதவும் கணக்கு அட்டவணை போடவுமான செயலிகளையும் அன்று அதே மேடையில் காட்டினார்கள், அதை மறைக்கக் கூடாது. ஆனாலும் அந்தக் கருவியின் குணத்தைத் தீர்மானித்தது அந்தப் பட்டியல்தான்.

அதற்குப் பிறகு போன் வளர்ந்துவிட்டது. முதல் ஐபோனின் திரை 3.5 அங்குலம். இன்று 6 அங்குலத்துக்குக் குறைவான போனைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஜாப்ஸ் பட்டியலிட்ட ஏழு வேலைகளையும் இப்போது போனே செய்துவிடுகிறது. பதினைந்து வயதுப் பிள்ளையின் கையில் ஏற்கெனவே ஒரு போன் இருந்தால், அல்லது வீட்டில் யாருடைய போனாவது கிடைத்தால், பேனா இல்லாத டேப்லெட் புதிதாக என்ன தருகிறது? பெரிய திரை. அவ்வளவுதான். 'பேனா இல்லாத' என்று சொன்னதைக் கவனியுங்கள், அதற்குப் பிறகு வருகிறேன்.

பள்ளிகள் வாங்கிப் பார்த்தபோது

வீட்டில் ஒன்று வாங்கித் தவறினால் ஒரு கருவியோடு போயிற்று. சில பள்ளி நிர்வாகங்கள் இதே கேள்வியை ஆயிரக்கணக்கில் வாங்கிச் சோதித்துப் பார்த்திருக்கின்றன.

அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் பள்ளி மாவட்டம் 2013-இல் தன் மாணவர்கள் எல்லாருக்கும் ஐபேட் கொடுக்கத் திட்டம் போட்டது. அந்த நாட்டின் இரண்டாவது பெரிய பள்ளி மாவட்டம் அது. கருவிகள் கைக்கு வந்த சில நாட்களிலேயே, உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் சில நூறு பேர் பள்ளி போட்டிருந்த கட்டுப்பாட்டை நீக்கிவிட்டு, தடுக்கப்பட்டிருந்த தளங்களுக்குப் போய்விட்டார்கள். செய்தி அதைத்தான் பெரிதாகப் பேசியது. எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று: புதிய கணினிவழித் தேர்வுகளுக்குத் தனிக் கீபோர்டு தேவைப்பட்டது, அது முதல் கணக்கில் சேரவில்லை. அடுத்த ஆண்டு, சில உயர்நிலைப் பள்ளிகள் ஐபேடுக்குப் பதில் லேப்டாப்பைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம் என்று நிர்வாகம் இறங்கி வந்தது. 2014 ஆகஸ்டில் ஒப்பந்தமே நிறுத்தப்பட்டது. அதற்குக் கொள்முதல் நடந்த விதம் பற்றிய கேள்விகளும் காரணம். எல்லாப் பழியையும் டேப்லெட்டின் தலையில் போட முடியாது.

அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தின் அனுபவம் இன்னும் தெளிவானது. அங்கே 2002 முதலே ஏழாம் வகுப்பு மாணவர்களுக்கு அரசு லேப்டாப் கொடுத்து வந்தது. பின்னர் 2013-இல் பல பள்ளிகள் ஐபேடுக்கு மாறின. 2016-இல் ஆசிரியர்களிடமும் மாணவர்களிடமும் கருத்துக் கேட்டபோது இரு தரப்பிலும் பெரும்பான்மையினர் லேப்டாப் வேண்டும் என்றார்கள். ஐபேடுகளைத் திரும்ப எடுத்துக்கொண்டு மேக்புக் ஏர் தர ஆப்பிளே முன்வந்தது. ஆசிரியர்கள் லேப்டாப் கேட்டதில் ஆச்சரியமில்லை. மாணவர்களும் கேட்டார்கள் என்பதுதான் யோசிக்க வைக்கிறது. விளையாட எது வசதி என்று அவர்களுக்கு நன்றாகவே தெரியும். வேலை செய்ய எது வசதி என்பதும் தெரிந்திருக்கிறது.

சின்ன வகுப்புகளில் நிலைமை இப்படி இல்லை. எழுத்துக் கற்கும் வயதில் தொடுதிரை இயல்பாகக் கைக்கு வருகிறது. உயர்நிலைப் பள்ளியில்தான் தராசு சாய்கிறது. காரணம், அங்கே மாணவர் வாங்கிக்கொள்வதைவிடத் திருப்பிக் கொடுக்க வேண்டியது அதிகமாகிறது. பக்கக் கணக்கில் கட்டுரை, ஆய்வக அறிக்கை, செயல்திட்டம், நிரல், படவிளக்கம்.

கீபோர்டு என்றால் வேகம் மட்டுமல்ல

'இந்தக் காலத்துப் பிள்ளைகள் கண்ணாடித் திரையிலேயே படபடவென்று தட்டுகிறார்களே, தனிக் கீபோர்டு எதற்கு?' என்று கேட்பவர்கள் உண்டு. அதில் பாதி உண்மை இருக்கிறது. பின்லாந்தின் ஆல்ட்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பங்கேற்ற இரண்டு பெரிய ஆய்வுகள் இருக்கின்றன. கணினிக் கீபோர்டில் தட்டச்சு செய்பவர்களின் சராசரி வேகம் நிமிடத்துக்கு 52 சொற்கள் என்றது 2018-இல் வெளியான முதல் ஆய்வு. அடுத்த ஆண்டு சுமார் 37,000 பேரை வைத்துச் செய்த போன் தட்டச்சு ஆய்வில் சராசரி 36 சொற்களுக்குச் சற்று மேல். பதின்ம வயதினர் தங்கள் பெற்றோர் தலைமுறையைவிட நிமிடத்துக்குச் சுமார் 10 சொற்கள் வேகமாக இருந்தார்கள். அதாவது இடைவெளி நாம் நினைப்பதைவிடக் குறைவு.

ஆனால் இரண்டு கட்டைவிரலால் போனில் தட்டுகிற அந்த வேகம் 11 அங்குல டேப்லெட்டுக்கு அப்படியே வருவதில்லை. அகலம் அதிகம், விரல் எட்டாது. இன்னொன்று, கட்டுரை எழுதுவதில் தட்டுவது ஒரு சின்னப் பகுதிதான். மூன்றாம் பத்தியை முதலுக்குக் கொண்டுபோவது, ஒரு வாக்கியத்தை வெட்டி இன்னோரிடத்தில் ஒட்டுவது, பக்கத்துச் சன்னலில் பாடநூலைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு தேதியைச் சரிபார்ப்பது, இவைதான் நேரத்தைத் தின்பவை. கிடைமட்டமாகப் பிடித்த டேப்லெட்டில் திரைக் கீபோர்டு மேலே வந்தாலே ஏறத்தாழ பாதித் திரை போய்விடும். மீதியில் நாலு வரி தெரியும். முழுக் கட்டுரையின் உருவம் கண்ணில் படாமல் அதைத் திருத்துவது கடினம். அதனால் பிள்ளைகள் திருத்தாமலே அனுப்பிவிடுகிறார்கள்.

சரி, கீபோர்டு கவர் வாங்கி மாட்டிவிட்டால்? மாட்டலாம். 11 அங்குல டேப்லெட் ஏறக்குறைய அரைக் கிலோ. டச்பேடோடு வரும் நல்ல கீபோர்டு கவர் இன்னொரு அரைக் கிலோவை ஏற்றிவிடும். இரண்டும் சேர்ந்தால் 1.2 கிலோ எடையுள்ள மெல்லிய லேப்டாப்புக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது, விலையும் அந்த எடையைப் போலவே நெருங்கி வந்துவிடுகிறது. அதன் பிறகும் மடியில் வைத்தால் பின்பக்கம் சாய்கிற, முட்டுக் கொடுத்து நிறுத்த மேசை தேடுகிற சிக்கல் போகாது. 'லேப்டாப் மாதிரி' ஆக்குவதற்கு இவ்வளவு சேர்க்க வேண்டுமென்றால் லேப்டாப்பையே வாங்கிவிடலாமே என்பது என் கட்சி.

மென்பொருள் பக்கம் இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டியது. டேப்லெட்டுகள் ஒவ்வொரு வருஷமும் கணினியை நோக்கி ஒரு அடி வைத்துக்கொண்டே இருக்கின்றன. ஐபேடுக்குக் கோப்புகளைக் கையாளும் செயலி 2017-இல்தான் வந்தது. மவுஸ், டச்பேட் வசதி முழுமையாக 2020 மார்ச்சில். கணினியைப் போலச் சன்னல்களை இழுத்துப் பெரிதாக்கி அடுக்கி வைக்கும் வசதியும் மேலே மெனு வரிசையும் முழுமையாக 2025-இல். ஆகப் பழைய புகார்கள் பலவும் இன்று செல்லாது. இருந்தும் சில சுவர்கள் அப்படியே நிற்கின்றன. எக்செல் டேப்லெட்டில் திறக்கும்; அதில் எழுதிய மேக்ரோ, அதாவது திரும்பத் திரும்பச் செய்யும் வேலையைத் தானாகச் செய்யும் குட்டி நிரல், ஓடாது. நிரல் எழுதுவதில், பைத்தானின் தொடக்கப் பாடங்களை உலாவியிலேயே செய்துவிடலாம், ஐபேடில் ஸ்விஃப்ட் மொழியைக் கற்க நல்ல செயலி இருக்கிறது. ஆனால் சி++ தொகுப்பானை (எழுதிய நிரலை ஓடும் வடிவத்துக்கு மாற்றும் மென்பொருள்) நிறுவுவது, நாலு நிரல் நூலகங்களைச் சேர்த்து ஒரு செயல்திட்டம் கட்டுவது, ஆர்டுயினோ என்ற சின்ன மின்னணுப் பலகையை யுஎஸ்பி வழியாக இணைத்து நிரலை ஏற்றுவது என்று போனால் ஐபேடில் வழி அடைபடுகிறது. ஆண்ட்ராய்டில் சுற்றுவழிகள் உண்டு, ஆனால் சுற்றுவழி கண்டுபிடிப்பதே ஒரு பாடமாகிவிடும். கணினி அறிவியலைப் பாடமாக எடுத்த மாணவருக்கு டேப்லெட்டை மட்டும் கொடுப்பது நியாயமே இல்லை.

மறுபுறம், அறிவியல் பாடங்களுக்கான இணையக் கருவிகள் பெரும்பாலும் இரண்டிலும் ஓடும் நிலைக்கு வந்துவிட்டன. இதற்குப் பின்னால் ஒரு வரலாறு உண்டு. உலாவியில் அசைவூட்டங்களை ஓட்டப் பயன்பட்ட ஃபிளாஷ் மென்பொருளை ஐபேட் தொடக்கம் முதலே ஏற்கவில்லை. அந்தக் காலத்தில் கல்வி அசைவூட்டங்களில் பெரும்பகுதி ஃபிளாஷிலும் ஜாவாவிலும்தான் இருந்தது. கொலராடோ பல்கலைக்கழகத்தில் நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் கார்ல் வைமன் 2002-இல் தொடங்கிய ஃபெட் அறிவியல் உருவகப்படுத்தல்களையும், சிறுவர்களுக்கான ஸ்கிராட்ச் நிரல்மொழியையும் எல்லா உலாவியிலும் ஓடும் எச்டிஎம்எல்5-க்கு மாற்றி எழுத வேண்டியிருந்தது. ஸ்கிராட்சின் அந்தப் பதிப்பு 2019 ஜனவரியில் வந்தது. கணித வரைபடக் கருவிகளான ஜியோஜீப்ரா, டெஸ்மாஸ் இரண்டும் எங்கும் ஓடுகின்றன. ஆகவே 'இணையத்தில் இருக்கும் பாடக் கருவி டேப்லெட்டில் வருமா' என்ற பழைய பயம் இப்போது அவ்வளவாகத் தேவையில்லை.

கோப்பு, கோப்புறை என்ற எண்ணமே இல்லாமல் வளரும் தலைமுறை பற்றியும் ஒரு வார்த்தை. டேப்லெட்டிலும் போனிலும் வேலை செயலிக்குள்ளேயே கிடக்கும்; எங்கே சேமிக்கப்பட்டது என்று கேட்டால் 'அதுக்குள்ளதான்' என்று பதில் வரும். எட்டாம் வகுப்பு மாணவர்களின் கணினித் திறனைப் பல நாடுகளில் சோதித்த ஐசிஐஎல்எஸ் 2018 ஆய்வில், மிக உயர்ந்த நிலையை எட்டியவர்கள் 2 சதவீதம் பேர்தான். கருவிகளோடு வளர்ந்துவிட்டாலே திறமை தானாக வந்துவிடாது என்பது அந்த ஆய்வு சொன்ன முக்கியமான செய்தி. கல்லூரிக்குப் போகும் முன் கோப்பை ஒழுங்காகப் பெயரிட்டு, பிரித்து வைத்து, பழைய பிரதியை அழிக்காமல் புதியதைச் சேமிக்கக் கற்றுக்கொள்ள லேப்டாப்பில்தான் கை பழகும்.

பேனா விஷயம்

இனி டேப்லெட் ஜெயிக்கும் இடம். ஒரு இருபடிச் சமன்பாட்டின் தீர்வை கீபோர்டில் தட்டிப் பாருங்கள். வர்க்கமூலக் குறிக்குள் அடுக்கு, கீழே பகுதி, முன்னால் கூட்டல் கழித்தல் குறி. ஒரு வரியை முடிப்பதற்குள் கணக்கே மறந்துவிடும். பென்சீன் வளையம், மின்சுற்று, லென்ஸ் வழியே ஒளிக்கதிர் போகும் படம், செல்லின் குறுக்குவெட்டு, இவை எதுவும் விசைகளுக்குப் பிறந்தவை அல்ல. நல்ல பேனா உள்ள டேப்லெட்டில் இவையெல்லாம் தாளில் போடுவதுபோலவே வருகின்றன. தவறான கோட்டை மட்டும் அழிக்கலாம், படத்தைப் பெரிதாக்கலாம், பழைய வினாத்தாளின் மீதே எழுதிப் பார்த்துவிட்டு அடுத்த வாரம் வெற்றுப் பிரதியில் மறுபடியும் எழுதலாம். கணிதம், இயற்பியல், வேதியியல் மூன்றிலும் மூழ்கிக் கிடக்கும் மாணவருக்கு இது சின்னச் சலுகை இல்லை.

ஆனால் எந்தப் பேனா என்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். ரப்பர் முனையோடு மலிவாகக் கிடைக்கும் குச்சி விரலின் வேலையைத்தான் செய்கிறது. திரைக்கு அது விரல் மாதிரியே தெரியும். எழுத்து தடிக்கும், உள்ளங்கை பட்டால் கோடு விழும். உண்மையான பேனாவுக்குத் திரைக்குள்ளேயே அதை உணரும் அடுக்கு இருக்க வேண்டும், அழுத்தத்தை அளக்க வேண்டும், உள்ளங்கையைப் புறக்கணிக்க வேண்டும். சாம்சங்கின் எஸ் பென் வேக்கம் நிறுவனத்தின் மின்காந்த முறையில் இயங்குகிறது, எழுதுவதற்குப் பேட்டரியே தேவையில்லை. ஆப்பிள் பென்சில் 2015-இல் விலை உயர்ந்த ஐபேட் புரோவோடு வந்தது. 2018-இல்தான் சாதாரண ஐபேடுக்கும் இறங்கியது. பேனா பெரும்பாலும் பெட்டிக்குள் வராது, தனியாக வாங்க வேண்டும். எல்லாப் பேனாவும் எல்லா மாடலுக்கும் பொருந்தாது. மலிவான ஆண்ட்ராய்டு டேப்லெட்டுகள் பலவற்றில் அந்த உணர்வடுக்கே கிடையாது. அப்படிப்பட்ட ஒன்றை 'படிப்புக்கு' என்று வாங்கினால் அது பெரிய போன்தான்.

கையால் எழுதினால் நன்றாக மனத்தில் பதியும் என்று ஒரு வாதம் எப்போதும் வரும். 2014-இல் முல்லர், ஓப்பன்ஹைமர் என்ற இரு ஆய்வாளர்கள் வெளியிட்ட கட்டுரை இதற்கு அடிப்படை. லேப்டாப்பில் குறிப்பெடுத்த மாணவர்கள் ஆசிரியர் சொன்னதை அப்படியே தட்டிக்கொண்டு போனார்கள், கருத்தைப் புரிந்து பதில் சொல்லும் கேள்விகளில் கையால் எழுதியவர்களைவிடப் பின்தங்கினார்கள் என்பது அதன் முடிவு. பிறகு 2019-லும் 2021-லும் வேறு குழுக்கள் அதைத் திரும்பச் செய்து பார்த்தபோது கையெழுத்துக்கு அவ்வளவு தெளிவான சாதகம் கிடைக்கவில்லை. ஆகவே இந்த ஒரு ஆய்வை வைத்துக்கொண்டு டேப்லெட் வாங்க வேண்டாம். அப்படியே தட்டிக்கொண்டு போகும் பழக்கம் கெடுதல் என்பது வேறு. அதை லேப்டாப் வைத்திருப்பவரும் விட்டொழிக்கலாம்.

இங்கேதான் என் முடிவின் ஆணிவேர் இருக்கிறது. பேனா செய்யும் வேலைக்கு மாற்று ஒன்று எல்லார் வீட்டிலும் உண்டு: தாளும் பேனாவும். கணக்கை நோட்டில் போட்டுவிட்டு போனில் படமெடுத்து பிடிஎஃப் ஆக்கினால் ஆசிரியருக்கு அனுப்பிவிடலாம். இறுதித் தேர்வே தாளில் கையால் எழுதுவதாக இருந்தால், நோட்டில் எழுதிப் பழகுவதுதான் கைக்கு நல்ல பயிற்சியும். வழுக்கும் கண்ணாடியில் எழுதிப் பழகிய கை மூன்று மணி நேரம் தாளில் எழுதும்போது திணறும். ஆனால் கீபோர்டும் முழுக் கணினியும் செய்யும் வேலைக்கு, பத்துப் பக்க அறிக்கைக்கு, நிரலுக்கு, நாலு சன்னல் திறந்து செய்யும் ஆராய்ச்சிக்கு, வீட்டில் அப்படி ஒரு மலிவான மாற்று கிடையாது. ஒன்றுதான் வாங்க முடியும் என்னும்போது, மாற்று இல்லாத வேலைக்கான கருவியை வாங்குவதுதான் கணக்குக்குச் சரி.

படிப்பதும் கவனம் சிதறுவதும்

படிப்பதற்கு டேப்லெட் நல்லது, இதில் வாதமே இல்லை. செங்குத்தாகப் பிடித்தால் ஒரு முழுப் பக்கம் தெரியும். லேப்டாப்பில் பாதிப் பக்கம் பார்த்துவிட்டு உருட்ட வேண்டும். ஆனால் திரையா அச்சா என்று வந்தால் இரண்டு கருவிகளும் ஒரே பக்கம்தான் நிற்கின்றன. 2018-இல் டெல்காடோவும் சகாக்களும் 54 ஆய்வுகளைத் திரட்டி அலசினார்கள், 1,70,000-க்கும் மேற்பட்டவர்கள் அவற்றில் பங்கேற்றிருந்தார்கள். தகவல் சார்ந்த பாடங்களைப் புரிந்துகொள்வதில் அச்சுத்தாளுக்கே சாதகம். நேர நெருக்கடி இருந்தால் வித்தியாசம் இன்னும் கூடுகிறது. கதை படிப்பதில் அந்த வித்தியாசம் தென்படவில்லை. பாடநூல் அச்சில் இருக்கிறதென்றால் பிடிஎஃப்புக்காக டேப்லெட் வாங்க அவசரப்பட வேண்டாம்.

கவனச் சிதறலைப் பொறுத்தவரை இரண்டும் யோக்கியம் இல்லை. டேப்லெட் ஒரு நேரத்தில் ஒரு செயலியைத் திரை முழுக்கக் காட்டுவதால் கவனம் நிற்கும் என்பார்கள்; அந்த ஒரு செயலி விளையாட்டாக இருக்கும்போது அதே திரை முழுக்க விளையாட்டுதான். லேப்டாப்பும் சும்மா இல்லை. கனடாவில் சனா, வெஸ்டன், செபேடா மூவரும் 2013-இல் வெளியிட்ட ஆய்வில், வகுப்பின்போது லேப்டாப்பில் வேறு வேலைகளும் பார்த்த மாணவர்கள் தேர்வில் குறைவாக வாங்கினார்கள். அவர்களுடைய திரை கண்ணில் படும்படி பின்னால் உட்கார்ந்திருந்தவர்களின் மதிப்பெண்ணும் குறைந்தது. பாவம், அவர்கள் எதையும் திறக்கவே இல்லை. கருவியின் வகையை மாற்றினால் இது தீராது. ஆப்பிளின் ஸ்க்ரீன் டைம், கூகுளின் ஃபேமிலி லிங்க், விண்டோஸின் குடும்பக் கணக்கு என்று எல்லாப் பக்கமும் கட்டுப்பாடுகள் உண்டு. லாஸ் ஏஞ்சலஸ் பிள்ளைகள் காட்டியபடி, பதினாறு வயதில் அவற்றைத் தாண்டவும் தெரியும்.

எந்த லேப்டாப், எவ்வளவு காலத்துக்கு

வாங்குவதற்கு முன்னால் பள்ளியிடம் ஒரு கேள்வி கேட்டுவிடுங்கள்: எந்த மென்பொருள், எந்தத் தேர்வுச் செயலி? பெரிய தேர்வுகள் பலவும் கணினிக்கு மாறி வருகின்றன. அமெரிக்கக் கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்ஏடி தேர்வு அமெரிக்காவுக்கு வெளியே 2023-லும் உள்ளே 2024-லும் முழுக்க டிஜிட்டல் ஆனது; அதன் செயலி லேப்டாப்பிலும் ஐபேடிலும் ஓடும், போனில் ஓடாது. எல்லாத் தேர்வுகளும் இவ்வளவு தாராளமாக இருக்கும் என்று நம்பிவிட முடியாது.

லேப்டாப்பில் கவனிக்க வேண்டியது மூன்றே விஷயம்தான் என் கணக்கில்: ரேம் (வேலை நடக்கும்போது பயன்படும் நினைவகம்), சேமிப்பு, எடை. விண்டோஸ் 11 நிறுவக் குறைந்தபட்சம் 4 ஜிபி ரேமும் 64 ஜிபி சேமிப்பும் போதும் என்று மைக்ரோசாஃப்ட் சொல்கிறது. அது நிறுவுவதற்கான அளவு, பயன்படுத்துவதற்கானது அல்ல. 64 ஜிபி இஎம்எம்சி (மெதுவான, மலிவு வகை) சேமிப்போடு வரும் மலிவு லேப்டாப்பில், சில மாதங்களில் புதுப்பிப்பு இறங்கவே இடம் இருக்காது. 8 ஜிபி ரேம் அடிமட்டம், 16 இருந்தால் கல்லூரி வரை தாங்கும். சேமிப்பு எஸ்எஸ்டி என்ற வேகமான வகையாக, 256 ஜிபிக்குக் குறையாமல் இருக்கட்டும். ரேமை மதர்போர்டிலேயே பற்றவைத்திருக்கிறார்களா, பிறகு கூட்ட முடியுமா என்பதையும் கேளுங்கள். தினமும் முதுகில் சுமப்பதென்றால் 14 அங்குலம், ஒன்றரைக் கிலோ என்ற எல்லையைத் தாண்டாமலிருப்பது நல்லது.

இதெல்லாம் வரவுசெலவுக்கு எட்டவில்லை என்றால், மோசமான விண்டோஸ் லேப்டாப்பைவிட, கூகுளின் இயங்குதளத்தில் ஓடும் குரோம்புக் மேல். 2011-இல் வந்த இந்த வகை, உலாவியையே மையமாக வைத்தது. குறைந்த வன்பொருளிலும் சுறுசுறுப்பாக இருக்கும். 2021 முதல் வந்த மாடல்களுக்கு, அந்த மாடலின் அடிப்படை வன்பொருள் தளம் வெளியான நாளிலிருந்து 10 ஆண்டு தானியங்கிப் புதுப்பிப்பு என்று கூகுள் 2023-இல் அறிவித்திருக்கிறது. நீங்கள் வாங்கிய நாளிலிருந்து அல்ல, ஆகவே முடிவுத் தேதியைப் பார்த்து வாங்குங்கள். பள்ளி கேட்கும் விண்டோஸ் மென்பொருள் ஏதாவது இருந்தால் மட்டும் இது ஒத்துவராது.

திரையைப் பின்னால் மடித்து எழுதும் இரண்டும்கெட்டான்கள், அதாவது டூ-இன்-ஒன் வகை, 2012-இல் லெனோவோ யோகாவும் மைக்ரோசாஃப்ட் சர்ஃபேஸும் வந்ததிலிருந்து பரவலாக இருக்கின்றன. தொடக்கத்தில் சர்ஃபேஸ் ஆர்டி என்ற மாடலில் வழக்கமான விண்டோஸ் மென்பொருள்கள் ஓடவில்லை. 2013-இல் மைக்ரோசாஃப்ட் அதற்காக 90 கோடி டாலரை நட்டக் கணக்கில் எழுதியது. அதே போல ஏஆர்எம் சிப்பில் (போன்களில் இருக்கும் வகை) ஓடும் இப்போதைய விண்டோஸ் லேப்டாப்கள் அதைவிடப் பல மடங்கு தேறிவிட்டன, ஆனாலும் பழைய பிரிண்டர், ஆய்வகக் கருவி போன்றவற்றின் டிரைவர்கள் கிடைக்காமல் போகலாம். பேனா நன்றாக வேலை செய்யும் டூ-இன்-ஒன் கையில் வந்தால் நம் கேள்வியே பாதி கரைந்துவிடும். ஒன்றே ஒன்று: ஒன்றரைக் கிலோ 'டேப்லெட்டை' யாரும் கையில் பிடித்துப் படிக்க மாட்டார்கள். மேசையில் வைத்து எழுத மட்டும்தான்.

டேப்லெட்டை முதலிடத்தில் வைக்க வேண்டிய வீடுகளும் இருக்கின்றன. வீட்டில் ஏற்கெனவே ஓடும் மேசைக் கணினி இருந்தால், புது லேப்டாப்பைவிட நல்ல பேனாவோடு ஒரு டேப்லெட்தான் அதிகப் பயன் தரும். கீபோர்டு வேலை மேசையில் முடிந்துவிடும். ஓவியத்தை முக்கியப் பாடமாக எடுத்தவர், இசைக்குறிப்பைப் பார்த்து வாசிப்பவர் ஆகியோருக்கும் அதுவே. எழுத்தைப் பெரிதாக்கியும் வாசிக்கச் செய்து கேட்டும் படிக்க வேண்டிய மாணவர், விசைகளை அழுத்தக் கை ஒத்துழைக்காத மாணவர் விஷயத்தில் இந்தக் கட்டுரையின் வாதங்களை ஓரமாக வைத்துவிட்டு, அவர் கையில் இரண்டையும் கொடுத்துப் பார்த்து முடிவெடுங்கள்.

உடைந்தால் என்ன ஆகும் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். லேப்டாப்பில் பேட்டரி, எஸ்எஸ்டி, பல மாடல்களில் கீபோர்டு எல்லாம் தனித்தனியாக மாற்றலாம். டேப்லெட்டை பசை போட்டு ஒட்டியிருப்பார்கள். பழுதுபார்ப்பதன் எளிமைக்கு மதிப்பெண் போடும் ஐஃபிக்சிட் தளம் பல ஐபேட் மாடல்களுக்கு மிகக் குறைந்த மதிப்பெண்தான் கொடுத்திருக்கிறது. ஐபேடுக்கு மென்பொருள் புதுப்பிப்பு பல ஆண்டுகள் வரும் என்பது அதற்கு ஈடு. ஆண்ட்ராய்டு டேப்லெட்டில் அது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், எழுத்தில் எத்தனை ஆண்டு என்று இருக்கிறதா பாருங்கள்.

பணம் இடிக்கிறதென்றால், அலுவலகங்களில் மூன்று நான்கு ஆண்டு ஓடி விற்பனைக்கு வரும் பழைய லேப்டாப்களைத் தயங்காமல் பார்க்கலாம். புது மலிவு லேப்டாப்பைவிட அவற்றின் கீபோர்டும் கட்டுமானமும் உறுதியாக இருக்கும். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது, ஆகவே விண்டோஸ் 11-ஐ முறைப்படி ஏற்கும் சிப் இருக்க வேண்டும். இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பின், ஏஎம்டி என்றால் ரைசன் 3000 வரிசை அல்லது அதற்குப் பின். பேட்டரி களைத்திருக்கும் என்று எதிர்பார்த்து, மாற்றுப் பேட்டரியின் செலவையும் முதலிலேயே கணக்கில் சேர்த்துக்கொண்டு பேரம் பேசுங்கள்.